முறுக்கு தீரும்வரை பேசாதீர்கள்

ஏங்க,

எங்கள் நைனாவின் கடலை மண்டியில் மல்லாட்டை எடை போட ஆளில்லையாம். அவலூர்பேட்டை பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறேன். சாம்பார் அடுப்பில் இருக்கிறது.

வீட்டுக்காரர் செபாஸ்தியான் நாலு மணிக்கு வீடு வாங்குகிறவரைக் கூட்டிவருகிறார். வாடகை ஒப்பந்தப்படி ஒரு நாள் முன்னதாக, நேற்றே சொல்லிவிட்டார், தடுக்க முடியாது. ஆனால் குடியிருக்கும்வரை இது நம் வீடு. போட்டோ எடுக்க விடாதீர்கள். பீரோவைத் திறக்க விடாதீர்கள். நாம் இல்லாதபோது பார்க்கிறோம் என்று சாவி கேட்டால், முடியாது என்று சொல்லுங்கள்.

போன தடவை வீடு பார்க்க வந்தபோது, வாங்குகிறவரிடம், "தண்ணி கல்கண்டாட்டம் இருக்குதுங்க, மலைக்காத்து கூடத்துக்கே வருது" என்று புகழ்ந்து தள்ளினீர்களே! அதைக் கேட்டுத்தான் இன்று பெண்டாட்டியோடு வருகிறார். குடியிருக்கிறவர் வாய்க்கு உள்ள மதிப்பு எந்தப் புரோக்கருக்கும் கிடையாது. அவர் வாங்கினால் நம்மைக் காலி பண்ணச் சொல்வார். நம் பெண் தமிழினிக்குப் பரீட்சை நேரம்.

உங்களுக்குப் பொய் வராது. டப்பாவில் முறுக்கு வைத்திருக்கிறேன். அவர்கள் நுழைந்ததும் வாயில் போட்டு, போகும்வரை மென்றுகொண்டே இருங்கள்.

காலையில் உங்களை ஓசிப் புரோக்கர் என்றதை மனசில் வைக்காதீர்கள்.

ஜெயராணி

வந்தவர்களுக்கு முறுக்கு கொடுத்துவிடாதீர்கள். இந்த வீட்டுத் தண்ணீரில் பிசைந்தது, ரொம்ப நன்றாக வந்திருக்கிறது.