தீர்ப்பு வரும்வரை அருவி கிடையாது

இன்று காலை கதவுக்குப் பின்னால் பெருக்கும்போது உங்கள் கம்பு கையில் தட்டுப்பட்டது. சாரல் தொடங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் கைப்பிடியில் பூஞ்சை பூத்துவிட்டது. பழைய வேட்டித் துணியால் துடைத்தேன். துடைக்கத் துடைக்க நீங்கள் இடுப்பில் தேய்க்கும் தைலத்தின் வாசனை அதிலிருந்து கிளம்பியது. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நேற்று எனக்கு ஒன்று நடந்தது. வேறு யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள், அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். ஆனால் அதைச் சொல்ல முதலிலிருந்து வர வேண்டும்.

அந்தக் கம்பு உங்களுக்குப் பிடிக்கவே பிடிக்காது. செங்கோட்டை ரோட்டு மரமில்லில் லாரியிலிருந்து தேக்குத் தடி உருண்டு உங்கள் இடுப்பில் விழுந்த பிறகு வந்து சேர்ந்த கம்பு. வலி உங்களுக்கு ஒரே மாதிரி இருந்ததில்லை. சில நாள் எழுந்து பாத்ரூம் போகவே என் தோள் வேண்டும். சில நாள் கம்பை மறந்துவிட்டு டீக்கடை வரை போய்விடுவீர்கள். மறுநாள் அதற்கும் சேர்த்துப் படுக்கையில் கிடப்பீர்கள். இந்த வந்து வந்து போகிற வலிதான் நம்மைக் கெடுத்தது. ஒரேயடியாகக் கால் போயிருந்தால் ஒரு கேள்வியும் கேட்டிருக்க மாட்டார்கள் என்று ஒருமுறை சொன்னீர்கள். நான் உங்கள் வாயைப் பொத்தினேன்.

மில்லில் சம்பளத்தில் பிடித்த காப்பீடு இருக்கிறது, மெடிக்கல் போர்டு பார்த்து எழுதிவிட்டால் ஊனத்துக்கான உதவித்தொகை மாதாமாதம் வந்துவிடும் என்றார்கள். போர்டு திருநெல்வேலியில். அவ்வளவு தூரம் பஸ்ஸில் எப்படி உட்கார்ந்து போவது என்று யோசித்து, முந்தின நாளே பழைய குற்றாலம் அருவிக்குப் போய், இடுப்பில் தண்ணீர் அடிக்கும்படி வெகுநேரம் நின்றுவிட்டு வந்தீர்கள். நம் பக்கத்தில் உடம்பு வலி என்றால் யாரும் செய்கிற வைத்தியம்தான். மறுநாள் போர்டு டாக்டர் நடந்து காட்டச் சொன்னார். முன்பின் தெரியாத நாலு பேர் முன்னால் நொண்டுவது உங்களுக்குக் கௌரவக் குறைச்சல். பல்லைக் கடித்துக்கொண்டு போலீஸ் பரேடு மாதிரி நடந்தீர்கள். எப்படி இருக்கிறீர்கள் என்று அவர் கேட்டதற்கு, "நல்லா இருக்கேன் சார், நீங்க சௌரியந்தானா?" என்று விசாரிப்பு வேறு. நிரந்தர ஊனம் எதுவும் இல்லை என்று எழுதி அனுப்பிவிட்டார்கள்.

அதை எதிர்த்துத் திருநெல்வேலி கோர்ட்டில் அப்பீல் போட்டோம். நம் வக்கீல் தம்பி, கேஸ் நல்ல கேஸ்தான், ஸ்கேனே பேசும், கவலைப்படாதீர்கள் என்றார். மில் வேலை போய்விட்டது, வேறு வேலைக்கு உங்கள் இடுப்பு ஒத்துழைக்காது; அந்த உதவித்தொகை வந்தால்தான் நமக்குச் சோறு, மகளிடம் கை நீட்டாமல் இருக்கலாம். அதெல்லாம் உங்களுக்கும் தெரியும். தெரிந்துமென்ன? அடுத்த குற்றாலச் சீசன் ஆரம்பித்ததும் உங்களால் சும்மா இருக்க முடியவில்லையே. தென்காசிக்காரனுக்கு முதல் தண்ணீர் விழுந்ததை ஊருக்கெல்லாம் சொல்லாவிட்டால் தூக்கம் வராது. அருவிக்கடியில் இரண்டு கையையும் தூக்கிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக நிற்கிற போட்டோவை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தீர்கள். கீழே, "சீசன் களைகட்டியாச்சு, வாங்க மக்கா" என்று ஓர் அழைப்பு. நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மா சொன்னதில்லை. உங்கள் போனில் யார் யார் நம்பர் இருந்ததோ, காப்பீட்டு அலுவலகத்தார் தாக்கல் செய்த பதிலில் அந்தப் போட்டோ கலர் பிரிண்டாக வந்து சேர்ந்தது. இடுப்பு ஊனமானவர் அருவியில் கையை உயர்த்திக் கும்மாளமிடுகிறார் என்று எழுதியிருந்தார்கள்.

கம்பியைப் பிடிக்காவிட்டால் உங்களால் அந்தத் தண்ணீருக்கடியில் நிற்கவே முடியாது. அது போட்டோவில் தெரியவில்லை, சிரிப்பு மட்டும்தான் தெரிந்தது.

வக்கீல் தம்பி அதைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். "அண்ணாச்சி, தீர்ப்பு வரும்வரை அருவி கிடையாது. கம்பு இல்லாம வாசப்படி இறங்கப்புடாது. எவன் எங்கன நின்னு படம் புடிக்க போனத் தூக்குதான்னு நமக்குத் தெரியாது" என்றார். நீங்கள் சரி என்று தலையாட்டினீர்கள். அந்தத் தலையாட்டலோடு நம் வீட்டுக்கு யாரோ வெளியிலிருந்து பூட்டுப் போட்ட மாதிரி ஆகிவிட்டது.

வலிக்கு ஒரே சுகம் அருவி. அருவிக்குப் போனால் கேஸ் போய்விடும். போகாமலிருந்தால் இடுப்பு போய்விடும். இருதலைக் கொள்ளி எறும்பு என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை நான் வீட்டில் பார்த்தேன். குத்துக்கல்வலசையில் நம் தெருவில் புதுவீடுகள் வர வர, எதிர்வீட்டுக்காரர் வாசலில் கேமரா மாட்டினார். திருடனுக்குப் பயந்து அவர் மாட்டியது. நீங்களோ அது உங்களுக்காகவே வைத்தது என்று எடுத்துக்கொண்டீர்கள். வலியில்லாத நாளிலும் வாசலுக்கு வந்ததும் கம்பை ஊன்றி ஒரு காலை இழுப்பீர்கள். பொய்யா என்றால் பொய்யில்லை, நேற்றைக்கு நிஜமாக இழுத்த கால்தான். ஆனாலும் வீட்டுக்குள் வந்ததும் என் முகத்தைப் பார்க்க மாட்டீர்கள். தெருவில் பாதிப் பேர் பாவம் என்றார்கள், மீதிப் பேர் நடிக்கான் என்றார்கள். இரண்டு பேச்சும் உங்களுக்கு ஒரே மாதிரிதான் வலித்தது.

சீசன் வந்தால் புறவாசலில் மேற்கே பார்த்து நாற்காலியைப் போட்டுக்கொள்வீர்கள். மலைமேல் மேகம் இறங்குவதைப் பார்த்தே இன்று ஐந்தருவியில் தண்ணீர் எப்படி, மெயினருவியில் எப்படி என்று சொல்லிவிடுவீர்கள். பார்க்கப் பொறுக்காமல் ஒருநாள் மோட்டாரைப் போட்டு, ஓஸ் குழாயை மாடிப்படியில் ஏறி நின்று பிடித்து, உங்கள் இடுப்புக்கு நேராகத் தண்ணீரைப் பீச்சினேன். குனிந்து உட்கார்ந்திருந்தவர் திரும்பிப் பார்த்து, "ஏட்டி, இது அருவியா? பஞ்சாயத்துக் குழாய்ல்லா" என்றீர்கள். நான் சிரித்தேன். நீங்களும் சிரித்தீர்கள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எதிர்வீட்டு மாடியைப் பார்த்தோம். அங்கே யாருமில்லை. நான் மோட்டாரை நிறுத்திவிட்டேன்.

மகள் வீட்டில் பேரனுக்குக் காதுகுத்து நடந்தது நினைவிருக்கிறதா? பிள்ளை, தாத்தா என்று இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடி வந்தான். வீடியோக்காரர் லைட்டை உங்கள் பக்கம் திருப்பினார். நீங்கள் ஒரு அடி பின்னால் போனீர்கள். அன்றைக்கு உங்களுக்கு வலியில்லை, பிள்ளையைத் தூக்கியிருக்கலாம் என்பது எனக்குத் தெரியும். அவன் உங்கள் முழங்காலைக் கட்டிக்கொண்டு நின்றான்.

வாய்தா மேல் வாய்தாவாகப் போய், ஒருவழியாக உங்களைக் கூண்டில் ஏற்றினார்கள். அவர்கள் வக்கீல் போட்டோவை நீட்டி இது நீங்கள்தானா என்றார். நான்தான் அய்யா என்றீர்கள். வலியுள்ளவர் இப்படிச் சிரிப்பாரா என்று கேட்டார்.

"அருவிக்கடியில அழுதுக்கிட்டு நிக்கவன் ஒருத்தனக் காட்டுங்க அய்யா" என்றீர்கள்.

கோர்ட்டே சிரித்துவிட்டது. நம் வக்கீல் தம்பியின் முகம்தான் செத்துப்போயிற்று, இந்த மனுஷன் வாயை வைத்துக்கொண்டு எங்கே கரையேறுவது என்று நினைத்திருப்பார். நீதிபதி அம்மா சிரிக்கவில்லை. வெளியூர்க்காரர். அப்படியானால் அங்கே எதற்குத்தான் போனீர்கள் என்று நிதானமாகக் கேட்டார்.

"வலிக்குத்தாம்மா. உள்ள நிக்கையில வலி தெரியாது. வெளிய வந்து துண்டக் கட்டுததுக்குள்ள திரும்ப வந்துரும். இப்ப அதுக்கும் போவக்கூடாதுன்னு இருக்கேன்" என்றீர்கள். போர்டு டாக்டரிடம் நல்லா இருக்கேன் என்ற வாய்தான் இதையும் சொன்னது. இதைச் சொல்ல உங்களுக்கு இத்தனை காலம் ஆகியிருக்கிறது. நான் பின்பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன்.

தீர்ப்புக்குத் தேதி போட்டார்கள். அந்தத் தேதிக்கு முன்னால் ஐப்பசி மழையில் ஒரு காலை, காப்பியை வாங்கிக் கீழே வைத்தீர்கள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தீர்கள். ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அஸ்தியைக் குற்றாலத்தில்தான் கரைத்தார்கள். வெள்ளம் முட்டிக்கொண்டு போனது, குளிக்கத் தடை போட்டிருந்தார்கள், ஒரு ஈ காக்கை இல்லை. அத்தனை தண்ணீரும் உங்களுக்கு மட்டும் விழுந்தது. அங்கே நின்றபோது எனக்கு ஓவென்று அழத் தோன்றியது, அழுதேன்.

வாரிசாக என் பெயரைச் சேர்த்துக் கேஸ் தொடர்ந்தது. தை பிறந்து வக்கீல் தம்பி போன் செய்தார். அப்பீல் ஜெயித்துவிட்டது, போர்டு சொன்னது தள்ளுபடி, வலிக்காகத்தான் அருவிக்குப் போனார் என்பதை நீதிபதி அப்படியே ஒத்துக்கொண்டார் என்று படபடவென்று சொன்னார். சந்தோஷத்தில் அவருக்குத் தலைகால் புரியவில்லை. "இனிமே அண்ணாச்சி தாராளமா அருவிக்கு" என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்தினார். நான் சரி தம்பி என்று போனை வைத்தேன்.

இனி நேற்று நடந்தது. பக்கத்து வீட்டு மதினி விடவில்லை. "எத்தன நாளைக்குத்தான் வீட்டுக்குள்ளயே கெடப்ப, வா, ஒரு குளி குளிச்சிட்டு வருவோம்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மெயினருவிக்குக் கூட்டிப்போனாள். நீங்கள் போகக் கூடாது என்றானபின் நானும் குளிக்கப் போகவில்லையே. பெண்கள் பக்கம் நல்ல தண்ணீர், அளவான கூட்டம். தலையைக் கொடுத்தேன். முதல் அடி உச்சியில் விழுந்ததும் எல்லாம் மறந்துபோயிற்று. உங்கள் இடுப்பு அதில் என்ன சுகம் கண்டது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. சிரிப்பு வந்தது, வாய்விட்டுச் சிரித்தேன்.

ஈரத்தோடு வெளியே வந்தபோது படியோரம் ஒருத்தி போனைத் தூக்கிப் பிடித்தாள். அவள் தன் மகளைப் படமெடுத்தாள், என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை. ஆனால் என் சிரிப்பு நின்றுவிட்டது. கை தானாக இடுப்புக்குப் போனது. உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது. என்னட்டி, இடுப்பு பிடிச்சிக்கிட்டா என்று மதினி பதறினாள். எனக்கு இடுப்பில் ஒரு கோளாறும் கிடையாது, உங்களுக்குத் தெரியும். ஆனாலும் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் உங்களைப் போல ஒரு காலை இழுத்துக்கொண்டேதான் வந்தேன்.