அக்கா போட்ட பிணைக் கையெழுத்து

என் அன்புக்கும் வயிற்றெரிச்சலுக்கும் ஒரே சொந்தக்காரியான கலா அக்காவுக்கு,

நீ போய் எட்டு மாதமாகிறது. இறந்தவர்களுக்கு எழுதும்போது நல்லதாக நாலு வார்த்தை எழுத வேண்டுமாம். எனக்கு அது வராது என்று உனக்கே தெரியும். உயிரோடு இருந்தபோதும் உன்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். இப்போதாவது விடுகிறாயா என்றால் அதுவும் இல்லை. ஊரார் படித்தாலும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நமக்குள் இரண்டு வயதுதான் வித்தியாசம். நீ படித்து டீச்சரானாய். நான் கண்டி டவுனில் புடவைக்கடையில் துணி மடிக்கிறேன். நீ அம்பிட்டியவில், அத்தான் கட்டிய மாடி வீட்டில், தரை முழுக்க டைல்ஸ் பதித்து இருந்தாய். நான் கெலிஓயாவில், மழை பெய்தால் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் வாளி வைக்க வேண்டிய வீட்டில் இருந்தேன். அத்தான் இறந்த அன்று உனக்கு ஆறுதல் சொல்ல வந்த நான், உன் மாடிப்படியின் கைப்பிடியைத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றேன். எழுதவே கை கூசுகிறது. தாலியைப் பறிகொடுத்து உட்கார்ந்திருந்த உன்னைப் பார்த்தும் எனக்குப் பொறாமை வந்தது, அக்கா.

உன் வீட்டுக்கு வந்து திரும்பும்போதெல்லாம் பஸ்ஸிலேயே ஆரம்பித்துவிடுவேன். "அக்கா வீட்டு மாடில காத்து எப்படி வருது பாத்தீங்களா? நமக்கு எங்க அதெல்லாம்." என் புருஷன் மோகன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பார். அப்படிப் பேசாமலே இருந்த மனுஷன் ஒருநாள் கம்பியும் சீமெந்தும் ஏற்றிய லொறியோடு வந்து இறங்கினார்.

"மாடி போடப்போறோம். ரெண்டு ரூம். கம்பஸ்ல படிக்கிற பிள்ளைங்களுக்கு வாடகைக்கு விட்டா லோன் தன்னால கட்டுப்பட்டுரும்" என்றார்.

ஹோட்டலில் வேன் ஓட்டுகிற என் புருஷனை நம்பி ஒரு வங்கி இவ்வளவு பணம் கொடுத்திருக்கிறதே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. யார் பிணை நின்றது என்று கேட்கத் தோன்றவில்லை. கூட வேலை செய்கிறவர்கள் யாராவது கையெழுத்துப் போட்டிருப்பார்கள் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

அதற்குப் பிறகு நாடு பட்ட பாடு உனக்குத் தெரியும். பெற்றோல் இல்லை, காஸ் இல்லை, வெள்ளைக்காரர்கள் வரவில்லை. ஹோட்டலில் ஆள் குறைத்தபோது மோகனையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். வங்கியில் வட்டியை ஏற்றினார்கள். எங்கள் மாடி நான்கு சுவரும் நீட்டிக்கொண்டிருந்த கம்பிகளுமாக அப்படியே நின்றுவிட்டது. மோகன் ஒரு ஹார்ட்வெயார் கடை லொறி ஓட்டப் போனார். முன்பு வாங்கியதில் பாதிச் சம்பளம். ஆனாலும் வங்கியிலிருந்து ஒரு ஈ காக்கைகூட வரவில்லை. எப்படியோ சமாளிக்கிறாரே, கெட்டிக்காரர்தான் என்று நினைத்தேன். உன்னிடம்கூடப் பெருமை அடித்தேனே, ஞாபகம் இருக்கிறதா? நீ சிரித்துக்கொண்டு தேத்தண்ணி ஊற்றப் போனாய்.

நீ போன பிறகு வங்கியிலிருந்து போன் வரத் தொடங்கியது. கடையில் நான் சேலை விரித்துக் காட்டும் நேரமாகப் பார்த்து ஏழெட்டுத் தடவை வரும். பிறகு இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். பக்கத்து வீட்டுச் சிங்கள நோனாவிடம் ரோட்டுக்கே கேட்கிற மாதிரி எங்கள் வீட்டை விசாரித்தார்கள். கேற்றுக்கு முன்னால் நின்று, முடியாத மாடியைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். அடுத்த பௌர்ணமி போயாவுக்கு நோனா வழக்கம்போல் பாற்சோறு கொண்டுவந்தார். தட்டை நீட்டும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

நாலாவது மாதம் ரிஸ்வான் நாநா வந்தார். திகனக்காரர், ஐம்பது வயதிருக்கும், வங்கிக்காகக் கடன் அறவிடுகிறவர். சத்தம் போடவில்லை. கதிரையில் உட்கார்ந்து ஒரு கிளாஸ் தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

"தங்கச்சி கோவிச்சிக்க வாணாம். டீச்சர் ஈக்கிய வரைக்கும் எனக்கு இந்தப் பக்கம் வர வேலையே இல்ல. மாசம் பொறந்து பத்து நாளைக்குள்ள கட்டிருவாங்க. அவங்க மவுத்தான விஷயம், அனுப்பின லெட்டர் திரும்பி வந்த பொறகுதான் எங்களுக்குத் தெரிஞ்ச."

"எந்த டீச்சர்?" என்று கேட்டேன்.

அவர் பையிலிருந்து ஒரு போட்டோ கொப்பியை எடுத்துக் காட்டினார். பிணை நின்றவர்கள் இரண்டு பேர். ஒருவர் மோகனோடு ஹோட்டலில் வேலை செய்தவர், அவர் இப்போது கட்டாரில். மற்றது நீ. தமிழில் போட்டு, அடியில் ஒரு கோடு இழுத்த உன் கையெழுத்து.

கடன் அறவிட வந்தவர் முன்னால் ஒருத்திக்குப் பயம் வரவேண்டும், இல்லையென்றால் வெட்கமாவது வரவேண்டும். எனக்கு வந்தது பொறாமை. என் வீட்டுக் கடனைப் பற்றி என்னைவிட உனக்கு அதிகம் தெரிந்திருக்கிறதே என்ற பொறாமை.

மோகன் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டேன். அவர் வாசலிலேயே நின்றார்.

"அரசாங்கச் சம்பளம் எடுக்கிற ஒருத்தர் வேணும்னு பேங்க்ல கண்டிப்பா சொல்லிட்டாங்க. உன் சம்பளச் சீட்டு சரிவராதுன்னாங்க. அக்காவ விட்டா நான் யார்கிட்ட போவேன்?"

"அத ஏன் எங்கிட்ட சொல்லல?"

"அக்காதான் வேணாம்னாங்க. அவ தாங்க மாட்டான்னாங்க. ஹோட்டல் வேல போன பிறகு நான் பாதி குடுப்பேன். எங்கிட்ட இருந்தா செலவாயிரும்னு அதையும் வாங்கி, மீதிய அவங்க போட்டு, அவங்களே கட்டிருவாங்க."

அவ தாங்க மாட்டா. நான் எதைத் தாங்குவேன், எதைத் தாங்க மாட்டேன் என்று நீங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசி முடிவெடுத்திருக்கிறீர்கள். அவர் தன் கஷ்டத்தை உன்னிடம் கொண்டுவந்தார், எனக்குக் கொத்து ரொட்டி வாங்கிக்கொண்டு வந்தார். நான்தானே அக்கா அவர் பெண்சாதி? அவரோடு சேர்ந்து கஷ்டப்படுகிற இடமாவது என்னுடையது இல்லையா? அதிலும் நீ முந்திக்கொண்டாயே.

இன்னொன்றும் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வருகிறேன்.

நீ போவதற்கு இரண்டு மாதத்துக்கு முன், கடை விட்டு பஸ்ஸில் வரும்போது, மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்துத் தேநீர்க் கடையில் உங்கள் இருவரையும் பார்த்தேன். நீ பேசிக்கொண்டிருந்தாய். அவர் தலையைக் குனிந்தபடி ஒரு கவரை உன் பக்கம் தள்ளினார். வீட்டுக்கு வந்ததும் எங்கே போனீர்கள் என்று கேட்டேன். ஹார்ட்வெயார் கடையிலிருந்து நேரே வருகிறேன் என்றார். நான் என்ன நினைத்திருப்பேன் என்று உனக்குத் தெரியாதா? அதைத்தான் நினைத்தேன். உன்னையும் அவரையும் சேர்த்து நினைத்தேன்.

அதற்குப் பிறகு நீ போன் பண்ணினாலும் நான் பேசவில்லை. உன் வீட்டுப் பக்கம் வரவில்லை. காய்ச்சல் என்று உன்னை ஆஸ்பத்திரி வாட்டில் போட்டபோது ஊருக்காக வந்தேன். நீ என் கையைப் பிடித்தாய். அப்பிள் வெட்டுகிற சாக்கில் கையை இழுத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் நீ இல்லை. என்னடி கோபம் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? அப்போதும் நான் தாங்க மாட்டேன் என்று நினைத்தாயா?

சரி, இப்போதைய சங்கதிக்கு வருகிறேன். போன மாதம் நானும் மோகனும் வங்கிக்குப் போனோம். அங்கே இருந்த மெடம் மரியாதையாகத்தான் பேசினார். இறந்தவருக்குப் பதிலாக இன்னொரு அரசாங்க ஊழியர் பிணை நின்றால் தவணையைக் குறைத்து, காலத்தை நீட்டித் தருவார்களாம். இல்லாவிட்டால் தவறிய தவணைகளின் நிலுவை முழுவதையும் மூன்று மாதத்தில் கட்ட வேண்டுமாம். அதுவும் முடியாவிட்டால் வழக்குத்தான்.

வெளியே வந்து கொஞ்ச தூரம் நடந்த பிறகு மோகன் சொன்னார், "நம்ம நிவேதாவுக்கு இப்ப டீச்சர் அப்பாயின்மென்ட் வந்திருச்சில்ல..."

மிச்சத்தை நான் சொல்ல விடவில்லை. ஆனால் அவர் எனக்குத் தெரியாமல் போன் பண்ணிவிட்டார். மறுபடியும் எனக்குத் தெரியாமல்! அந்த ஞாயிற்றுக்கிழமையே உன் மகள் சம்பளச் சீட்டும், நிரப்பிய பத்திரமுமாக வந்து நின்றாள். பாடசாலையில் சேர்ந்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. பத்திரத்தில் அவள் கையெழுத்துக்கு அடியிலும் உன்னைப் போலவே ஒரு கோடு. இப்படி ஒரு பிள்ளையை வளர்த்துவிட்டுப் போயிருக்கிறாளே என்று அப்போதும் எனக்கு வயிறு எரிந்தது.

"வேணாம் புள்ள, இதக் கொண்டு போயிரு" என்றேன்.

"ஏன் சித்தி? அம்மா இருந்தா செஞ்சிருப்பாங்க தானே."

"அதனாலதான் வேணாங்கிறேன்."

அவள் கேட்கவில்லை. காரணம் சொல்லுங்கள் என்று பிடிவாதம் பிடித்தாள். அதுவும் உன் குணம்தான். வேறு வழியில்லாமல் தேநீர்க் கடை விஷயத்தைச் சொன்னேன், நான் நினைத்ததையும் சேர்த்து. அறைவாள் என்று பயந்தேன். அவள் சிரித்தாள். பிறகு அழுதாள்.

"அம்மாவுக்குத் தெரியும் சித்தி. நீங்க போன் எடுக்காதப்பவே சொன்னாங்க, சாந்தி சந்தேகப்படுறா போல, சந்தேகப்படுறதுக்கும் அவளுக்கு ஒரு ஆள் இருக்கேன்னு. உங்க வீட்டுக்கு வந்துட்டுப் போனா அன்னைக்கு அம்மா மாடிக்கே ஏற மாட்டாங்க. கீழேயே பாயைப் போட்டுப் படுத்துருவாங்க. கேட்டா, சண்ட போட ஆள் இல்லாத வீட்டுல மாடி எதுக்குன்னுவாங்க. அம்மாவுக்கு உங்க மேல அவ்வளவு பொறாம சித்தி."

பத்திரத்தை அவள் கைப்பையிலேயே வைத்து அனுப்பினேன்.

நாங்கள் இப்போது மாடியில் இருக்கிறோம். நான்கு சுவருக்கு மேல் தகரம் போட்டுக்கொண்டோம். பூச்சு இல்லை, ஜன்னலுக்குப் பலகை அடித்திருக்கிறது. கீழ் வீட்டின் குசினிக் கூரையைச் சரிசெய்து, கம்பஸில் வேலை செய்யும் ஒரு குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டாயிற்று. அவர்கள் தந்த ஆறு மாத முற்பணம் நேரே வங்கிக்குப் போனது. நிலுவையில் பெரும் பகுதி தீர்ந்தது. மிச்சத்துக்கு இன்னும் ஒன்றரை மாதம் இருக்கிறது. நான் ஞாயிற்றுக்கிழமையும் கடைக்குப் போகிறேன். முடியுமா என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

மோகன் சம்பளத்தை இப்போது என் கையில்தான் தருகிறார். ஐந்நூறு ரூபாய் குறைந்தாலும் கேட்கிறேன். அவர் கத்துகிறார், நானும் கத்துகிறேன். தகரத்தில் மழை விழும்போது ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்பதில்லை என்பதால் இன்னும் பலமாகக் கத்துகிறோம். கீழ் வீட்டுக்காரர்கள் பாவம்.

என்னைப் பார்த்தும் ஒருத்தி பொறாமைப்பட்டிருக்கிறாள், அதுவும் நீ. இதை ஒரே ஒரு தடவை உன் வாயால் சொல்லியிருக்கலாமே, அக்கா. நான் மாடி கேட்டிருக்கவே மாட்டேனே.

உனக்கு ஒரு சத்தியம் செய்து தருகிறேன். இந்தக் கடன் எங்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தினாலும், நிவேதாவின் கையெழுத்து எங்கள் பத்திரத்தில் ஏறாது. ரிஸ்வான் நாநா இனி என்னைத் தேடி வரட்டும், உன் மகளின் வாசலுக்குப் போக விடமாட்டேன். நீ நினைத்ததைவிட அதிகமாகவே நான் தாங்குவேன்.

உன் மேல் பொறாமை இன்னும் அடங்காத, உன் கையை விட்டுவிட்ட தங்கச்சி,
சாந்தி