ஒரே படியில் விழுந்த இருவர்

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? இப்போது என் முழங்காலும் அதற்குத் துணை சேர்ந்துவிட்டது. பயப்படாதீர்கள்.

ஹோட்டலில் வேலை பார்க்கும் நாங்கள் சிலர் விடுமுறைக்கு இங்கிருந்து பக்கத்து நாட்டுக்குப் போனோமே, அங்கே படகிலிருந்து இறங்கும்போது நானும் விடுதி அறையில் என் பக்கத்துக் கட்டிலில் படுக்கிறவளும் ஒன்றாக வழுக்கி விழுந்தோம். ஒரே படி, ஒரே மாதிரி முறிவு. அவள் பயண இன்சூரன்ஸ் எடுத்திருந்தாள். ஒரு போன் செய்தாள். ஆபரேஷன், நர்ஸ் துணையோடு விமானம், எல்லாவற்றையும் அவர்களே பார்த்துக்கொண்டார்கள். இப்போது ஊரில் தன் அம்மா வீட்டில் காலை நீட்டிப் படுத்திருக்கிறாள்.

நானும் எடுப்பதாகத்தான் இருந்தேன். "கிளம்பறப்பவே அடிபடும்னு யாராவது பணம் கட்டுவாங்களா? முதல்ல வாயைக் கழுவு!" என்று போனில் கத்தினீர்கள். கழுவிக்கொண்டேன். ஆஸ்பத்திரி பில்லை எங்கள் ஹோட்டல் மேனேஜர் கட்டினார். அந்தக் கடன் சம்பளத்தில் கழிந்து தீரும்வரை ஊருக்கு வர லீவு கிடையாது. சலவை அறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கட்டுப்போட்ட காலை அழுக்குத்துணிக் கூடைமேல் வைத்துக்கொண்டு இஸ்திரி போடுகிறேன்.

காலுக்கடியில் மடித்து வைக்க அம்மாவின் பழைய சேலை ஒன்று அனுப்புங்கள். துவைக்க வேண்டாம், அப்படியே அனுப்புங்கள்.

தம்பி தேனிலவுக்கு வெளிநாடு போகிறானாமே. அவன் இன்சூரன்ஸ் எடுக்கும்போது மட்டும் தயவுசெய்து வாயைத் திறக்காதீர்கள். மேனேஜர் வருகிறார்.

உங்கள் பேச்சைக் கேட்ட மகள்