மூக்குக்கண்ணாடிக்குப் பற்றுவைத்த கை

இன்று காலை செமாபோக் கிளினிக்கில் தாதி என் கையில் ஸ்பிரிட் தடவினாள். அந்த வாசனை ஏறியதும், ஸ்பிரிட் விளக்கின் முன் கன்னம் உப்ப ஊதிக்கொண்டிருக்கும் உன் முகம் வந்துவிட்டது. "என்ன அங்கிள், ஊசிக்குப் போய்ச் சிரிக்கிறீங்க?" என்றாள். என் சம்சாரம் நீ இறந்துபோய் ஆறு வருஷம் ஆகிறது என்று அவளிடம் எப்படிச் சொல்ல?

நாட்டுக்கு மெர்டேக்கா, அதான் சுதந்திரம், கிடைத்த வருஷம் காஜா பெராங்கில் நம் கண்ணாடிக்கடையைத் திறந்தோம். எனக்கு விற்கத் தெரியும், பழுது பார்க்கத் தெரியாது. ஒடிந்த உலோக பிரேமை, ரேடியோவுக்கு வைப்பதுபோல ஈயம் வைத்து ஒட்டிக் கொடுப்பேன். நாலாம் நாள் திரும்பி வரும்.

"ஈயம் நிக்காதுங்க. வெள்ளியை உருக்கிப் பற்று வச்சு ஒட்டணும்" என்றாய். ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில் உன் அப்பாவின் நகைப்பட்டறையில் கல்யாணம்வரை ஊதுகுழல் பிடித்தவள் நீ. தெரிந்தும், "நகை வேற, கண்ணாடி வேற" என்று வாயை அடைத்தேன்.

பிறகு ஒருநாள் ஒரு டீச்சர் வந்தார். நான் இரண்டு முறை ஒட்டிய பிரேம், மூக்கின் மேல் உட்காரும் இடத்தில் மறுபடி ஒடிந்திருந்தது.

"அண்ணே, புதுசுக்குச் சிங்கப்பூர்லேர்ந்து கண்ணாடி வர ரெண்டு வாரம் ஆவும்னீங்க. நாளைக்கு எனக்கு டீச்சர் டிரெயினிங் பரீட்சை. இது இல்லாட்டி கேள்வியே தெரியாது."

கடையையும் வீட்டையும் பிரித்த திரைக்குப் பின்னால் வந்து, பிரேமை உன்னிடம் நீட்டினேன். இடுப்பிலிருந்த நம் குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாய். பிரேமிலிருந்து கண்ணாடிகளைக் கழற்றினாய். என் ஈயத்தைத் துளி விடாமல் அரத்தால் சுரண்டினாய். வெள்ளி ஓடுவதற்காக வெங்காரப் பொடியைக் குழைத்துத் தடவி, எள்ளளவு வெள்ளித் துணுக்கை வைத்தாய். ஸ்பிரிட் விளக்கின் சுடரை ஊதுகுழலால் பிரேமின் மேல் ஊதினாய்.

"வெள்ளியைச் சுடக் கூடாது, கம்பியைச் சுடணும். சூடு இருக்கிற பக்கம் அது தானா ஓடி வரும்."

ஓடி வந்தது. ஒரு மினுக்கு மினுக்கி, இடுக்கில் தண்ணீர்போல் இறங்கி நின்றது.

கண்ணாடிகளை மாட்டி வெளியே கொண்டுபோய்க் கொடுத்தேன். டீச்சர் வளைத்துப் பார்த்தார். "ராசியான கைண்ணே உங்களுக்கு!"

"கொஞ்சம் மெனக்கெட்டேம்மா" என்றேன்.

உள்ளே நீ சாமான்களை எடுத்து வைக்கும் சத்தம் ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடி கேட்டது. அன்று ராத்திரியும் வழக்கம்போல் எனக்கு மீன் தலையை எடுத்து வைத்தாய். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

மறுவாரம் டீச்சர் இன்னும் இருவரை உடைந்த பிரேம்களோடு கூட்டி வந்தார். "இந்த அண்ணன்தான்" என்று என்னைக் காட்டினார். அதற்குமேல் என்னால் மறைக்க முடியவில்லை.

"நான் இல்லம்மா. என் சம்சாரம் வச்ச பற்று அது" என்று திரையை இழுத்தேன். மாவுக் கையோடு நின்றாய். டீச்சர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

அவர்கள் போனபின், "இதைச் சொல்ல ஒரு வாரமா?" என்றாய். கோபம் பாதி, சிரிப்பு பாதி.

மறுநாள் உன் மேசையைக் கடையின் முன்பக்கம் போட்டோம். எனக்கும் கற்றுக் கொடுத்தாய். "கன்னத்துல காத்த நிறுத்திட்டு மூக்கால மூச்சு எடுங்க" என்பாய். எனக்கு இருமல்தான் வரும். எத்தனை பழைய பிரேம்களைக் கருக்கினேன்! கடைசியில் என் பற்றும் நின்றது. ஆனால் ஒட்டிய இடம் தெரியும். உன்னுடையதைத் தேடத்தான் வேண்டும்.

போன ஞாயிறு நம் வீட்டு விருந்துக்கு வந்தவர்கள் மிளகாய்ச் சம்பல் பிரமாதம் என்று நம் மருமகளைப் புகழ்ந்தார்கள். "அரைச்சது என் மகன்" என்றேன். மகன் வெட்கத்தில் தட்டைப் பார்த்தான். மருமகள் என்னை முறைத்தாள். எனக்கு அன்றைக்குச் சாப்பாடு நன்றாக இறங்கியது.