நூற்று எண்பது பாஸ்வேர்டு

12.2.2007, திங்கள்

காலையில் ஈ ஓட்டினேன். மாலையில் பக்கத்து ஊர் பெருநகரிலிருந்து முத்துவேல் அண்ணன் வந்து மெயில் வந்திருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். அவர் பாஸ்வேர்டு அவருக்குத் தெரியாது. என் நோட்டில் இருக்கிறது. என் பிரவுசிங் சென்டரில் மெயில் தொடங்கிய நூற்று எண்பது பேருடையதும் அதில்தான். மறந்துவிட்டு பஸ் ஏறி வந்து நிற்கிறார்களே என்று நான் பிடித்த பழக்கம். நோட்டின் முன்பக்கத்தில், யார் எந்தக் கம்ப்யூட்டரில் எத்தனை மணிக்கு உட்கார்ந்தார்கள் என்ற பதிவு. பின்பக்கத்தில் பாஸ்வேர்டு.

துபாயில் இருக்கும் சக்திவேல் பெயரில் ஒரு மெயில். அண்ணன் மகள் நதியாவுக்கு நிச்சயம் செய்திருக்கும் பையன்; அவன் மெயிலும் என் கடையில் தொடங்கியதுதான். பிரிண்ட் எடுத்து வழக்கம்போலச் சத்தமாக வாசித்தேன். "மாமா, இந்தக் கல்யாணம் எனக்கு வேண்டாம். மன்னிக்கவும்." வாசித்து முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. கடையில் ஆறு பேர் இருந்தார்கள்.

14.2.2007, புதன்

ராஜாராம் ஐயா வந்தார். கடை இருக்கும் கட்டிடம் அவருடையது. சக்திவேலுக்குப் பெரியப்பாவும் அவர்தான்.

"பையன் போன்ல அழுவுறான். நான் அனுப்பவே இல்லன்றான். அந்த முத்துவேலு, ஆறு பேரு கேட்டப்புறம் இன்னா பேச்சுன்னு கதவ சாத்திட்டான். உன் நோட்ட பாத்துதான் எவனோ பண்ணிக்கிறான். மாசக் கடைசிக்குள்ள யாருன்னு சொல்லு. இல்லன்னா சாவிய குடுத்துட்டு போய்க்கினே இரு."

ஐந்து வருஷக் கடை. இதை விட்டால் எனக்கு வேறு என்ன தெரியும்?

15.2.2007

சாம்பாரில் இரண்டு முறை உப்புப் போட்டேன். சென்னையில் தகவல் பாதுகாப்பு மாநாடு, யாரும் வரலாம் என்று ஒரு மெயில் வந்து கிடக்கிறது. போனால் கண்டுபிடித்துக் கொடுப்பார்களா?

17.2.2007, சனி

போனேன். ஒரு கல்லூரி அரங்கம். போலீஸ் பெரியவர்கள் இருப்பார்கள் என்று பட்டுப்புடவை கட்டியிருந்தேன். எல்லாம் கறுப்பு டி-ஷர்ட் பிள்ளைகள், பாதிப் பேர் தரையில். எந்த ஊர், என்ன படிப்பு என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒரு பெண் தன் நாற்காலியை எனக்குக் கொடுத்து, மேடையில் பேசியதையெல்லாம் காதோரம் தமிழில் சொல்லிக்கொண்டே இருந்தாள். பாதி புரிந்தது. மீதி அவளுக்கும் புரியவில்லையாம்.

ஒரு போட்டி. பூட்டிய கம்ப்யூட்டரைத் திறக்க வேண்டும். காலையிலிருந்து நாற்பது பேர் தட்டிக்கொண்டிருந்தார்கள். சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னால் அதைப் பூட்டியவர் நின்றார். வினோத்குமார் என்று பெயர். "அம்மாம் பெரிய பாஸ்வேர்டு மறந்துட்டா இன்னா தம்பி பண்ணுவீங்க? எழுதி வெச்சுக்கட்டுமா?" என்றேன். பழக்கதோஷம். வாயில் தயிர்சாதத்தோடு அவர் சொல்ல, நோட்டில் எழுதி, சரியா என்று திருப்பி வாசித்தேன். "சரிக்கா" என்றார். பிறகுதான் கரண்டியைக் கீழே வைத்தார்.

மேடையில் ஏற்றிவிட்டார்கள். எப்படி உடைத்தீர்கள் என்றார்கள். "கேட்டேன், சொன்னாரு" என்றேன். அரங்கமே எழுந்து கைதட்டியது. பரிசு ஒரு கறுப்பு டி-ஷர்ட். என்னைப் போல் இரண்டு பேர் அதற்குள் நுழையலாம்.

நோட்டைக் காட்டினேன். யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் மட்டும் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். "முதல்ல இத எரிச்சிடுங்கக்கா" என்றார் வினோத்குமார். அடுத்த பேச்சை விட்டுவிட்டு ஐந்து பேர் என்னோடு உட்கார்ந்தார்கள். முத்துவேல் அண்ணன் மெயிலைத் திறந்து (நோட்டு இருக்கிறதே), அதற்குள் ஒளிந்திருந்த எண்களைப் படித்தார்கள். அது துபாயிலிருந்து வரவில்லை. திங்கட்கிழமை காலை 11.20க்கு என் கடையிலிருந்தே போயிருக்கிறது.

"அப்ப யாருக்கா கடையில இருந்தாங்க?"

முன்பக்கத்தைத் திருப்பினேன். 11.15, மூணாம் நம்பர், நதியா, பெருநகர். காலை முழுக்க அவள் ஒருத்திதான். என் கையெழுத்து. "தெரியலப்பா" என்று நோட்டை மூடினேன். கோயம்பேடு வரை வந்து பஸ் ஏற்றிவிட்டார்கள். நல்ல பிள்ளைகள். அவர்களிடம் பொய் சொன்னது கஷ்டமாக இருந்தது.

19.2.2007, திங்கள்

நதியாவை வரச் சொன்னேன். அவள் மழுப்பவில்லை.

"வேணான்னு அப்பாகிட்ட சொன்னேன், அம்மாகிட்ட சொன்னேன், மாமாகிட்ட சொன்னேன். நர்சிங் படிக்கணும்னேன். யாரும் காதுல போட்டுக்கல. மாப்பிள்ள சொன்னதா ஒரே வரி வந்துச்சு, எல்லாருக்கும் கேட்டுச்சுக்கா."

ஏண்டி, என் கடைதான் கெடச்சுதா உனக்கு? வாய்விட்டே கேட்டேன்.

"நீங்கதான் சத்தமா படிப்பீங்க" என்றாள்.



22.2.2007

பேரைச் சொன்னால் கடை பிழைக்கும். அவளை அடுத்த முகூர்த்தத்திலேயே தள்ளிவிடுவார்கள். சொல்லவில்லை என்றால் — நான் எங்கே போவேன்?

28.2.2007, புதன்

புடவைக்கு மேலே கறுப்பு டி-ஷர்ட்டை மாட்டிக்கொண்டு, கடை வாசலில் வைத்து நோட்டைக் கொளுத்தினேன். முன்பக்கம், பின்பக்கம் எல்லாம். "சென்னை மாநாட்டுல சொன்னாங்க" என்றேன். "எங்க பாஸ்வேர்டுக்கு வழி இன்னாம்மா?" என்று கூட்டம் கூடிவிட்டது. ஒவ்வொருவராக வரச் சொல்லிக் காதில் சொன்னேன். எழுதி எழுதி எல்லாம் மனப்பாடம். பிரசாத வரிசை மாதிரி ரோடு வரை நின்றார்கள்.

கடைசியில் ராஜாராம் ஐயா. "யாருன்னு தெரிஞ்சுதா?"

"ஞாபகம் இல்லீங்க."

"நூத்தி எம்பது பேருது ஞாபகம் கீது. அது ஒண்ணு இல்லியா?"

"இல்லீங்க."

"அப்ப என்னுது சொல்லு பாப்போம்."

காதில் சொன்னேன். ஒரு பெண்ணின் பெயரும் ஒரு வருஷமும். அவர் வீட்டம்மாவின் பெயர் இல்லை. ஐயாவுக்கு வியர்த்துவிட்டது.

"இத யாருகிட்டயாவது..."

"யாருகிட்டயும் எதையும் சொல்றதில்லீங்க."

துண்டால் நெற்றியைத் துடைத்தார். பிறகு சாவியைக் கேட்காமல் போய்விட்டார். சத்தியமாக நான் மிரட்டவில்லை. கேட்டார், சொன்னேன்.

3.3.2007, சனி

கடை திறந்தேன். நதியா வந்தாள். நர்சிங் விண்ணப்பத்துக்குப் புது மெயில் தொடங்க வேண்டுமாம், மூணாம் நம்பரே வேண்டுமாம். "பாஸ்வேர்டு சொல்லட்டுமாக்கா?" என்றாள். வேண்டாம் என்று சொல்லி, வாசல் பக்கம் திரும்பி உட்கார்ந்து, காஞ்சிபுரம் பஸ் பின்னால் எடுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தட்டுகிற சத்தம் கேட்டது. எண்ணக் கூடாது என்றுதான் பார்த்தேன்.

பதினோரு எழுத்து.