பீமுக்கு நேர் கீழே

ஜூன் 9
ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் மேல்மாடி முழுக்க உப்புத்தோல் அடுக்கியிருக்கிறார்கள். இருபது வருஷமாக உப்புத்தண்ணீர் கீழே இறங்கி, மாடியைத் தாங்கும் காங்கிரீட் பீமுக்குள் கம்பி துருவேறி ஊதிவிட்டது. நடுவில் விரல் நுழைகிற விரிசல். அதற்கடியில் எட்டுப் பெண்கள் தோலைத் தரம் பிரிக்கிறார்கள். சுத்தியலால் தட்டினேன். பொள்ளென்று சத்தம்.

"இன்னா தம்பி, பூசணிக்கா பழுத்துச்சான்னு பாக்கறியா?" என்றார் அமிர்தவள்ளி அக்கா. எல்லோரும் சிரித்தார்கள்.

ஜூன் 11
எங்கள் காண்ட்ராக்டர் பரந்தாமனிடம் சொன்னேன். முதலில் மாடியைக் காலி செய்ய வேண்டும். ஜாக்கி கொடுத்து பீமைத் தாங்க வேண்டும். உளுத்த காங்கிரீட்டைக் கொத்தி எடுத்து, கம்பியைச் சுத்தம் செய்து, புதிதாகப் பூசி, அப்புறம்தான் இருபுறமும் 'ப' வடிவ இரும்புச் சேனல் வைத்து போல்ட் முடுக்கலாம்.

"எத்தினி நாளு?"

"இருபது."

"திங்கக்கெழம ஃபாரின் கம்பெனிக்காரன் கட்டடத்தப் பாக்க ஆடிட்டு வர்றான். சேனல மாட்டு, பெயிண்ட் அடி. பேஜார் பண்ணாத."

ஜூன் 13
பழைய பூச்சின் மேலேயே மாட்டினோம். துளை போட்டால் ஈரமான பழுப்புத் தூள் கொட்டுகிறது. பாதி போல்ட் சும்மா சுற்றுகிறது. பெயிண்ட் மட்டும் நன்றாகப் பிடித்தது.

ஜூன் 15
ஆடிட்டர் அண்ணாந்து பார்த்தார், போட்டோ எடுத்தார், கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். பீம் பலமாக இருக்கிறது என்ற சான்றிதழில் சைட் இன்ஜினியர் கையெழுத்து என்னுடையது. கேட்டார்கள், போட்டேன். இவனுங்கள திட்ட எனக்கு இன்னா யோக்கியதை இருக்கு?

ஜூன் 18
மாடியில் இன்னொரு லாரித் தோல் ஏற்றுகிறார்கள். கேட்டதற்கு ஷாப் மேனேஜர், "அதான் இரும்பு போட்டாச்சே!" அந்த இரும்பு எதையும் தாங்கவில்லை. பீம்தான் அதையும் சேர்த்துச் சுமக்கிறது.

கீழே அமிர்தவள்ளி அக்கா தன் மேசையைச் சேனலுக்கு நேர் கீழே இழுத்துப் போட்டிருக்கிறார். "இதான் இப்போ கெட்டியான எடம். நீ மாட்டுனதாச்சே தம்பி."

சொல்லணும். சொன்னா வேலை போய்டும் — சொல்லலன்னா?

ஜூன் 19
டீக்கடையில் ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டுச் சொன்னேன். கையெழுத்தையும் சொன்னேன். அக்கா டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டார்.

"அப்போ எங்க எட்டு பேரையும் எழுதிக் குடுத்துட்ட."



ஜூன் 22
எட்டு மேசையும் சுவரோரம் போய்விட்டது. நடுவில் வெறும் தரை. யாரும் குறுக்கே நடப்பதில்லை. மேனேஜர் கத்தியிருக்கிறார். "அங்க வெளிச்சம் கம்மி சார்" என்று மட்டும் சொன்னாராம் அக்கா. என் பெயரை இழுக்கவில்லை. என் வேலை போகவில்லை. தோல் இன்னும் மாடியில்தான்.

வாசலில் அக்கா எதிர்ப்பட்டபோது வழி விட்டேன். "பரவால்ல, போங்க சார்" என்றார்.