வரைபடத்தில் ஓர் இடம்

மகளுக்கு,

நம் குடும்பப் பெயரின் மூலத்தைத் தேடி, நேற்று ஒரு பழைய அனாதை விடுதியின் பதிவேட்டைப் பார்த்தேன். என் தாத்தாவின் அப்பாவைக் கைக்குழந்தையாக யாரோ சாக்கில் சுற்றி அதன் வாசலில் விட்டுப் போயிருக்கிறார்கள். அங்கிருந்த காவலாளி தன் குடும்பப் பெயரையே அவருக்குக் கொடுத்திருக்கிறார். பெரிய வம்சம் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தேன்.

“இவர் உங்களுக்கு என்ன வேணும் சார்?” என்று கேட்டார் குமாஸ்தா. சொன்னேன். பிறகு வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி மாட்டினேன்.

நீ குழந்தையைத் தத்தெடுத்த அன்று, “யார் பெத்ததோ, நம்ம குடும்பப் பேரை அதுக்கு வைக்காதே” என்று சொன்னவன் நான். அதன்பின் இரண்டு வருடமாக நீ வரவில்லை.

நான் வரைந்துவரும் வம்ச வரைபடத்தில் உன் பெயருக்குக் கீழே இடம் காலியாக இருக்கிறது. பென்சிலைச் சீவி உட்கார்ந்தேன். குழந்தையை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாய் என்று நான் இதுவரை கேட்டதே இல்லை.

எழுது.

அப்பா